முன்கூட்டி வாங்கிய ஓய்வு

அலுவலகத்தில் என் மேசை மீது நாள்தோறும் வந்து சேரும் தாள்களில் விடுப்பு விண்ணப்பங்களே மிகுதி. அவற்றுக்கு அடுத்தபடி பாஸ் கேட்டு வருபவை. விருப்ப ஓய்வு கேட்டு வரும் விண்ணப்பம் ஆண்டுக்கு இரண்டோ மூன்றோதான் இருக்கும். அவற்றில் 'காரணம்' என்ற இடத்தில் பெரும்பாலோர் 'சொந்தக் காரணங்கள்' என்று இரண்டு சொற்களை எழுதிவிட்டுப் போய்விடுவர். அந்த இரண்டு சொற்களுக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்று கேட்பது குமாஸ்தாவின் வேலையன்று. நானும் பல ஆண்டுகள் கேட்டதில்லை. அப்படிப்பட்ட தாள் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் சொந்தச் சித்தப்பாவே ஒரு நாள் மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அன்று கேட்க வேண்டியதாயிற்று. அதைப் பற்றி நம் சங்க ஏட்டில் எழுதலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டேன். "பெயர் போடாமல் எழுது, யாருக்காவது பயன்படட்டும்" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

சித்தப்பா திருப்பதி செட்டிப்பள்ளியில் உள்ள ரயில் பெட்டிப் பழுதுபார்க்கும் ஒர்க்ஷாப்பில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவர். குடியாத்தத்துக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரிலிருந்து இருபத்து நான்காம் வயதில் இங்கு வந்தார். அடுத்த ஆண்டே சித்தியைக் கைப்பிடித்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறினார். மகளைச் சித்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மகன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு தை மாதத்தில், மூன்று மாத நோய்க்குப் பின், சித்தி காலமானார். அப்பொழுது சித்தப்பாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. சேவை இருபத்தொன்பது ஆண்டு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உறவினர் பஸ்ஸும் ரயிலும் ஏறினர். பதினேழாம் நாள் மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, இதில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும், பார்த்துச் சொல்லு."

தாளைப் பார்த்தேன். மூன்று மாத முன்னறிவிப்புடன் விருப்ப ஓய்வு.

"என்ன சித்தப்பா, இவ்வளவு அவசரம்? இன்னும் ஆறு ஆண்டுக்கு மேல் சேவை இருக்கிறதே?"

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "காலையில் எடுத்துக்கொண்டு போக டிபன் பெட்டி இல்லை. சாயங்காலம் திரும்பி வந்தால் கதவைத் திறக்க ஆள் இல்லை. நடுவில் அந்த எட்டு மணி நேர வேலை மட்டும் எதற்கு?"

இதற்கு மறுமொழி சொல்ல எனக்கு நா எழவில்லை. என் மனைவி காப்பி கொண்டு வந்து வைத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு, தாளை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

என் பேச்சில் அவருக்கு இருந்த மதிப்பைவிட அவர் பேச்சில் எனக்கு இருந்த மதிப்பே பெரிது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். என் தகப்பனார் ரயில்வேயில் சேவையில் இருக்கும்போதே காலமானார். அப்போது எனக்கு வயது பத்தொன்பது. கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒன்றே என் கையில் இருந்த சொத்து. மேற்கொண்டு படிக்க வேண்டும் என்ற ஆசையை அன்று மடித்து வைத்தவன்தான், இன்றுவரை பிரிக்கவில்லை. அந்த நாட்களில் என்னை அலுவலகம் அலுவலகமாக அழைத்துச் சென்றவர் இந்தச் சித்தப்பாதான். ஆகவே துக்கத்தில் கையெழுத்திடுவது எப்படிப்பட்டது என்பதை நான் அறிவேன். என் கையெழுத்து வேலையில் சேர்வதற்கு. அவருடையது வேலையை விடுவதற்கு. என் கையெழுத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. அவருக்கு இருந்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. குமாஸ்தாவுக்கு உறக்கம் வராவிட்டால் கணக்குப் போடுவான். நானும் போட்டேன். இன்றைய விதிப்படி ரயில்வேயில் இருபதாண்டுத் தகுதிச் சேவை முடித்தவர், மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம். கொடுத்த அறிவிப்பைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. ஆனால் ஓய்வுத் தேதிக்கு முன்பே கேட்க வேண்டும். அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். தேதி கடந்துவிட்டால் கடந்ததுதான். சித்தப்பா 2004-ஆம் ஆண்டுக்கு முன் சேர்ந்தவராதலின் பழைய ஓய்வூதியத் திட்டத்தைச் சேர்ந்தவர். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். அதன்மேல் அகவிலை நிவாரணம். அந்தப் பாதி எந்தச் சம்பளத்தின் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அறுபது வயதுவரை இருந்தால் ஆண்டுதோறும் ஏறும் சம்பளத்தின் பாதி கிடைக்கும். இன்றே விட்டால் இன்றைய சம்பளத்தின் பாதி. பணிக்கொடையும் சேவை ஆண்டுகளைப் பொறுத்துக் குறையும். ஓய்வூதியத்தில் நூற்றுக்கு நாற்பது வரை ஒரே தொகையாகப் பெற்றுக்கொண்டால், அந்தப் பகுதி மீண்டும் வர பதினைந்து ஆண்டு ஆகும். எல்லாவற்றிற்கும் மேலாகக் குவார்ட்டர்ஸை ஓய்வுக்குப் பின் சில மாதங்களே வைத்துக்கொள்ள முடியும். சித்தி கோலம் போட்ட வாசலை விட்டு ஆண்டு முடிவதற்குள் வெளியேற வேண்டும். (2004 சனவரி முதல் தேதியிலிருந்து சேர்ந்த என்னைப் போன்றோருக்கு இந்தக் கணக்கே வேறு. அன்பர்கள் தத்தம் சேர்ந்த தேதியைப் பார்த்துக்கொள்க.)

இந்தக் கணக்கைச் சொல்லி அவரை நிறுத்த முடியாது என்பதும் எனக்குத் தெரிந்தது. மனைவியைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்தவனிடம் நூற்றுக்கு நாற்பது பேசுவது எப்படி?

இந்த இடத்தில் இன்னொருவர் கதையைச் சொல்ல வேண்டும். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். சில ஆண்டுகளுக்கு முன் மதனப்பள்ளியில் நண்பர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்றிருந்தேன். ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி பிறந்த இல்லம் அவ்வூரில் இருக்கிறது. பகா நாலா திசையிலும் பெயர் பெற்ற அந்த அறிஞர் 1895-ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே பிறந்தவர். அதன்பின் அவருடைய வரலாற்றை, ஆங்கில நூலாதலின் அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பொறுமையாகப் படித்தேன். மகனைப் பற்றி எழுதிய நூல் அது. ஆனால் என் மனத்தில் நின்றவர் தகப்பனார்.

தகப்பனாரின் பெயர் நாராயணய்யா. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். ஆங்கிலேயர் காலத்து ரெவினியூ இலாகாவில் தாசில்தார். உத்தியோகம் அவரை ஊர் ஊராகச் சுழற்றியது. 1904-இல் அவருடைய மூத்த மகள் இருபது வயதளவில் இறந்தாள். 1905 டிசம்பரில், கடப்பையில், மனைவி சஞ்சீவம்மா இறந்தார். வீட்டில் சிறு பிள்ளைகள். அப்பொழுது பத்து வயதிருந்த கிருஷ்ணமூர்த்தி, தாய் இறந்த பின்னும் அவருடைய வளையல் ஓசையைக் கேட்டதாகவும், உருவத்தைக் கண்டதாகவும் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அது எத்தகைய காட்சி என்பதை ஆராய எனக்குத் தகுதியில்லை. தாயை இழந்த வீடுகளில் அந்த ஓசை கேட்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இரண்டு ஆண்டு கழித்து, 1907-இன் இறுதியில், ஐம்பத்திரண்டாம் வயதில் நாராயணய்யா உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற நேர்ந்தது. ஓய்வூதியம் மாதம் ரூ. 112, பழைய சம்பளத்தில் பாதி. அவர் தாமாக விரும்பிப் பெற்ற ஓய்வன்று அது. ஆயினும் மனைவியும் உத்தியோகமும் இரண்டு ஆண்டுக்குள் கைவிட்டுப் போன நிலையில் நான்கு பிள்ளைகளுடன் நின்றார். நெடுங்காலமாகப் பிரம்மஞான சபையில் அங்கத்தினராக இருந்தவராதலின், சபைத் தலைவி அன்னி பெசண்ட் அம்மையாருக்கு எழுதினார். அடையாற்றில் தங்க இடம் கொடுத்தால் எந்த வேலையும் செய்வதாகக் கேட்டார். அம்மையார் முதலில் மறுத்தார். பிள்ளைகள் படிக்க அருகில் பள்ளி இல்லை என்பது காரணம். மீண்டும் எழுதினார். மீண்டும் மறுப்பு. கடைசியில் ஒரு சிறு செயலாளர் வேலை கிடைத்தது. 1909 சனவரியில் பிள்ளைகளுடன் அடையாறு சேர்ந்தார். சபையின் எல்லைக்கு வெளியே, பழுதுபட்ட ஒரு சிறு வீடு. கணவனைப் பிரிந்திருந்த சகோதரி ஒருவர் சமையலைப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் மெலிந்து, கவனிப்பாரின்றி இருந்தனர்.

பின்னர் நடந்ததை உலகம் அறியும். அடையாற்றுக் கடற்கரையில் லெட்பீட்டர் அந்தச் சிறுவனைக் கண்டார். 1910 மார்ச்சில் நாராயணய்யா கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யானந்தத்தையும் வளர்க்கும் பொறுப்பைப் பெசண்ட் அம்மையாருக்கு எழுதிக் கொடுத்தார். வேலையை விட்டு இரண்டே கால் ஆண்டு. பிறகு மனம் வருந்திப் பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு 1912-இல் வழக்குத் தொடுத்தார். 1913-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார். 1914-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார்.

நாராயணய்யாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ரூ. 112-ஐ வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்திருக்க முடியும்? ஆனால் ஒன்று என் மனத்தை உறுத்திற்று. சஞ்சீவம்மா இறந்தது கடப்பையில். அங்கிருந்து மதனப்பள்ளிக்குத் திரும்பினார்கள், அங்கிருந்து அடையாறு. அடையாற்றில் அந்த அம்மாளை அறிந்தவர், அவர் கையால் ஒரு வாய் உண்டவர், எவர் இருந்திருப்பார்? பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து 'உன் அம்மா சாயல்' என்று சொல்ல ஓர் அயல்வீட்டுக்காரி இருந்திருப்பாளா? துக்கத்தோடு ஒரு மனிதர் தெரியாத ஊரில் போய் இறங்கினார். தம் பிள்ளைகளைப் பற்றிய முடிவை அந்த நிலையில் எடுத்தார்.

அந்த மகனும் பின்னாளில் பெரிய பிரிவு ஒன்றைக் கண்டார். 1925 நவம்பரில் தம்பி நித்யானந்தம் கலிபோர்னியாவில் காச நோயால் இறந்தார். இந்தியாவுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்த கிருஷ்ணமூர்த்திக்குச் செய்தி நடுவழியில் எட்டியது. அவர் துடித்து அழுதார் என்று உடன் வந்தோர் கூறியிருக்கின்றனர். தமக்காக அமைக்கப்பட்ட பெரும் சங்கத்தின் தலைமையை அவர் விட்டொழித்தது 1929 ஆகஸ்டில். இடையில் ஏறக்குறைய நான்கு ஆண்டு. துக்கம்தான் அவரை விடச் செய்ததா என்பது பெரியோர் விவாதிக்கும் விஷயம். நான் குமாஸ்தா, தேதிகளை மட்டும் பார்க்கிறேன். தம்பி இறந்த மாதத்தில் அவர் எந்தக் கடிதத்திலும் ராஜிநாமா எழுதவில்லை.

மறுநாள் மாலை நான் சித்தப்பா வீட்டுக்குச் சென்றேன். நாராயணய்யாவின் கதை முழுவதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெரிய மனிதர்கள் கதை எனக்கு எதற்கு?" என்றார். பிறகு ஒரு வார இதழில் நான் படித்த இன்னொன்றைச் சொன்னேன். 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹோம்ஸ், ரேய் என்ற இரு மருத்துவ அறிஞர்கள் வாழ்க்கையில் நேரும் நாற்பத்து மூன்று மாறுதல்களுக்கு மதிப்பெண் போட்டுப் பட்டியல் செய்தார்கள். வாழ்க்கைத் துணை இறப்பதற்கு 100. அதற்கு மேல் எதுவும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு 45. பொருள்நிலை மாறுவதற்கு 38. வீடு மாறுவதற்கு 20. ஓராண்டுக்குள் நேர்வனவற்றைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் முறை. மதிப்பெண் ஏற ஏற உடம்புக்கு நோய் வரும் வாய்ப்பும் ஏறும் என்று கண்டார்கள்.

"முதல் 100 உங்களைக் கேட்டு வரவில்லை சித்தப்பா. மற்ற மூன்றையும் நீங்களே கையெழுத்துப் போட்டுச் சேர்த்துக்கொள்கிறீர்கள். மொத்தம் 203 ஆகிறது" என்றேன்.

அவர் முகத்தில் பதினெட்டு நாளுக்குப் பின் முதன்முதலாகச் சிரிப்புப் போன்ற ஒன்று தோன்றிற்று. "நீ குமாஸ்தாவேதான்" என்றார். ஆனால் தாளைத் திருப்பிக் கேட்கவில்லை.

"விண்ணப்பம் எங்கும் ஓடிவிடாது. தலைத்திவசம் வரை பொறுங்கள். அதற்குள் உங்கள் கணக்கில் கிடக்கும் சம்பள விடுப்பில் நாற்பது நாள் எடுங்கள்" என்றேன். முந்நூறு நாள் வரை சேர்த்து வைக்கலாம் என்ற விதி இருப்பதால் நம்மவர் பலர் அதைத் தொடுவதே இல்லை. ஓய்வின்போது காசாக்கிக்கொள்ளலாம் என்பது எண்ணம். சித்தப்பாவும் அப்படியே. அரை மனத்துடன் சம்மதித்தார். சம்மதித்ததற்குக் காரணம் என் அறிவுரையன்று. ஊருக்குப் போகலாம் என்ற எண்ணம்தான். வேலையை விட்டபின் குடியாத்தத்துப் பக்கம் பூர்வீக வீட்டில் போய் இருந்துவிடுவது என்பதே அவர் திட்டம்.

ஊருக்குப் போனார். முதல் வாரம் எல்லோரும் வந்து பார்த்தனர். இரண்டாம் வாரம் நெல் அறுவடை. அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். குற்றம் சொல்வதற்கில்லை. திண்ணையில் உட்கார்ந்து சித்தியைப் பற்றி ஏதேனும் சொல்லத் தொடங்கினால், கேட்பவர்கள் மரியாதைக்குத் தலையசைத்தார்கள். சித்தி அந்த வீட்டில் வாழ்ந்தது மணமான புதிதில் சில வாரங்கள். பின்னர் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வந்து போன விருந்தாளி. அவருடைய வாழ்வு முழுவதும் திருப்பதியில்தான் நடந்தது. நாற்பது நாள் விடுப்பில் இருபத்திரண்டாம் நாளே சித்தப்பா திரும்பி வந்துவிட்டார்.

நம் போன்ற குடும்பங்களுக்கு இதில் யோசிக்க நிறைய இருக்கிறது. சித்தூர் சீமைத் தமிழருள் இடம் பெயர்ந்தவர் பாதி. எல்லை பெயர்ந்ததால் இங்கே ஆனவர் பாதி. 1911 வரை சித்தூர் வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகராயிருந்தது என்பதும், 1960 ஏப்ரலில்தான் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று என்பதும் முதியோர் அறிந்தவை. ஆனால் பிழைப்புக்காக வந்த நாம், 'ஊர்' என்று சொன்னால் இன்னும் பழைய ஊரைத்தான் சொல்லுகிறோம். நல்லது நடந்தால் அங்கே போகிறோம். கெட்டது நடந்தாலும் அங்கேதான் ஓடுகிறோம்.

சித்தப்பா திரும்பி வந்த அன்று மாலை, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தெலுங்கு அம்மாள் ஒரு தூக்கில் களி கொண்டு வந்து கொடுத்தாராம். "அன்னய்யா, அக்கா சொல்லிக் கொடுத்தபடிதான் செய்தேன். வெல்லம் கொஞ்சம் கூடிவிட்டது" என்றாராம். திருவாதிரைக் களி செய்யச் சித்தி அவருக்குக் கற்றுக் கொடுத்தது பதினெட்டு ஆண்டுக்கு முன். அது திருவாதிரை நாளும் அன்று. நினைவு வந்தது, செய்தேன் என்று சொன்னாராம். சித்தப்பா என்னிடம் இதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஊரில் இருந்த இருபத்திரண்டு நாளும் வராத அழுகை, அந்தத் தூக்கைத் திறந்தபோது வந்தது என்றார்.

மறு வாரம் வேலைக்குப் போனார். டிபன் பெட்டியை என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? முதல் மாதம் கேன்டீன். பிறகு மகனும் அவரும் முறை வைத்துச் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டனர். நல்ல சமையல் என்று நான் சொல்ல மாட்டேன். சனி ஞாயிறுகளில் சித்தூருக்கு மகள் வீட்டுக்குப் பாகாலா வழி ரயிலில் போய் வந்தார். ஒர்க்ஷாப்பில் அவருடன் வேலை செய்வோர் துக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். ஆனால் பகல் உணவின்போது எல்லோருடைய பெட்டியிலிருந்தும் ஏதேனும் ஒன்று அவர் தட்டுக்கு வந்துவிடும். அதைப் பற்றியும் யாரும் பேசவில்லை. ஆண்பிள்ளைகளின் ஆறுதல் அப்படித்தான் போலும்.

எல்லோருக்கும் ஓராண்டு பொறுப்பதுதான் சரி என்று சட்டம் போட வரவில்லை. திருப்பதியில் விடியற்காலையில் கண் விழிப்பவர் காதில் முதலில் விழுவது எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் சுப்ரபாதக் குரல். 1963-இல் வெளிவந்த இசைத்தட்டு அது. 1997 நவம்பரில் கணவர் சதாசிவம் காலமான பின், அந்த அம்மையார் பொதுமேடையில் பாடுவதை விட்டுவிட்டார். 2004 டிசம்பரில் மறையும்வரை அந்த நிலையிலேயே இருந்தார். அவரை 'ஏன் பொறுக்கவில்லை?' என்று எவர் கேட்க முடியும்? கச்சேரியை ஏற்பாடு செய்வதும், எங்கே என்ன பாடுவது என்று வகுப்பதும் கணவரே. ஐம்பத்தேழு ஆண்டு இருவரும் சேர்ந்து செய்த ஒரு தொழில் அது. ஒருவர் போனதும் தொழிலே முடிந்துபோயிற்று. மேலும் அப்பொழுது அவருக்கு வயது எண்பத்தொன்று. கையெழுத்திடுமுன் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இறந்தவர் இல்லாமல் அந்த வேலை தொடர முடியாததா? அல்லது இறந்தவர் இல்லாத வீட்டிலிருந்து எட்டு மணி நேரம் விலக்கி வைப்பதே அந்த வேலைதானா? சித்தப்பாவின் வேலை இரண்டாம் வகை. அது அவருக்கே தெரிய ஆறு மாதம் ஆயிற்று.

சென்ற தை மாதம் தலைத்திவசம் நடந்தது. மறுவாரம் சித்தப்பா என் அலுவலகத்துக்கே வந்து நின்றார்.

"தம்பி, அந்தத் தாள் இருக்கிறதா?"

இருந்தது. ஆனால் தேதி பழையதாதலின் புதிதாக எழுதச் சொன்னேன். இந்த முறை நான் தடுக்கவில்லை. அவரே கணக்கை எழுதிக்கொண்டு வந்திருந்தார். முப்பதாண்டுச் சேவை, ஓய்வூதியம் இன்னது, பணிக்கொடை இன்னது, ஒரே தொகையாக எடுப்பதில் முழு நாற்பது வேண்டாம், பாதி போதும். மகன் படிப்பை முடித்து ஒரு வேலையில் சேர்ந்திருந்தான். முழங்கால் வலியால் பெட்டிகளின் அடியில் குனிந்து வேலை செய்ய முடியவில்லை என்பதும் உண்மை. காலனிக்கு வெளியே, இரண்டு தெரு தள்ளி, ஒரு சிறு வீட்டையும் வாடகைக்குப் பார்த்து வைத்திருந்தார். 'ஊருக்குப் போகவில்லையா?' என்றேன். "அங்கே எனக்கு யாரைத் தெரியும்?" என்றார். 'காரணம்' என்ற இடத்தில் அவரும் 'சொந்தக் காரணங்கள்' என்றுதான் எழுதினார்.

மூன்று மாதம் கழித்து ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். அதன்பின் வந்த முதல் மாதம் எளிதாக இருக்கவில்லை என்பதை மறைக்கப் போவதில்லை. ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும். பழக்கத்தில் டிபன் பெட்டியைக் கழுவி வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம். பழைய துக்கம் புதிதாகத் திரும்பி வந்தது. ஓராண்டு பொறுத்ததால் அது வராமல் போய்விடவில்லை. வந்தபோது பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். அந்தத் தெலுங்கு அம்மாள் இரண்டு தெரு தள்ளியும் வருகிறார். பழைய கூட்டாளிகள் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் சைக்கிளை நிறுத்துகிறார்கள்.

இப்பொழுது காலனியில் யார் வீட்டில் மிக்ஸி, மின்விசிறி, தையல் இயந்திரம் பழுதானாலும் அவரிடம் வந்துவிடுகிறது. கூலி வாங்குவதில்லை. வேண்டுமானால் குழம்பு வாங்கிக்கொள்கிறார். சென்ற நவம்பரில் ஓய்வூதியத்துக்கான உயிர்ச் சான்று கொடுக்கப் பாங்குக்குப் போனபோது, நடக்க முடியாத இரண்டு முதியவர்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அவர்களுள் ஒருவர் மனைவியை இழந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்ததாம். 'என்ன பேசினீர்கள்?' என்று கேட்டேன். "ஒன்றும் பேசவில்லை. வரும் வழியில் அந்த அம்மாள் என்ன குழம்பு வைப்பாள் என்று கேட்டேன். பாங்கு வாசலிலிருந்து வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தார்" என்றார்.

நேற்று நான் போயிருந்தபோது சாம்பார் வைத்திருந்தார். ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துக் காலனிக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் பையன் காலிக் கிண்ணத்துடன் திரும்பி வந்தான்.

"என்ன சொன்னார்கள்?" என்று சித்தப்பா கேட்டார்.

"புளி போதாதாம். அக்கா வைத்தால் இப்படி இருக்காதாம்."

சித்தப்பா கிண்ணத்தை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தார். "சரியாகத்தான் சொல்கிறாள்" என்றார்.